தனிம வரிசை அட்டவணை: எப்படி வந்தது, ஏன் இந்த வடிவம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

118 தனிமங்கள், 7 தொடர்கள் (குறுக்கு வரிசைகள்), 18 தொகுதிகள் (நெடுக்கு நிரல்கள்). பள்ளிப் பொதுத்தேர்வு முதல் நீட் வரை இதைப் பாடல் மாதிரி ஒப்பிக்காத மாணவர் குறைவு. அப்படி ஒப்பிக்க வேண்டிய தேவையே இல்லை என்பது எங்கள் கட்சி. ஒவ்வொரு தனிமமும் தன் கட்டத்துக்கு ஏதோ ஓர் அளவீட்டின் பலத்தில்தான் வந்து சேர்ந்தது. அந்தக் கணக்கு பிடிபட்டால் அட்டவணை தானாக மனத்தில் நிற்கும். கீழே தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களையே எடுத்திருக்கிறோம். இலங்கை வாசகர்கள் தனிமத்தை மூலகம் என்றும், தொடரை ஆவர்த்தனம் என்றும், தொகுதியைக் கூட்டம் என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

1860க்கு முன்பே யாராவது இதைக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா?

முடியாது. வரிசைப்படுத்த அணு எடை வேண்டும். அந்த எடைகளிலேயே ஒற்றுமை இல்லை. ஒருவர் கணக்கில் ஆக்சிஜன் 8, இன்னொருவர் கணக்கில் 16. கார்பன் 6 அல்லது 12. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றா இரண்டா என்பதில்கூட உடன்பாடு கிடையாது. அசிட்டிக் அமிலம் ஒன்றுக்கே 19 விதமான வாய்பாடுகள் புழக்கத்தில் இருந்ததாக ஜெர்மன் வேதியியலர் கெகுலே தன் பாடநூலில் தொகுத்துக் காட்டினார்.

இதைத் தீர்க்க 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலர்கள் கூடினார்கள். அங்கே தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் கூட்டம் முடியும் நேரத்தில் இத்தாலியரான கானிஸாரோ எழுதிய சிறு நூல் ஒன்று கைக்குக் கை கொடுக்கப்பட்டது. சம கனஅளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்ற அவகாட்ரோ கருத்தைப் பிடித்துக்கொண்டு அணு எடைகளை எப்படி ஒழுங்காகக் கணக்கிடலாம் என்று அது காட்டியது. அதை வாங்கிக்கொண்டு போனவர்களில் இருவர் ஜெர்மனியின் லோதர் மேயரும் ருஷ்யாவின் திமித்ரி மெண்டலீவும். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே விஷயத்தைத் தொட்டதற்குக் காரணம் இதுதான்.

டாபர்னீரின் மும்மை, நியூலாண்ட்ஸின் எண்மம் இரண்டும் ஏன் நிலைக்கவில்லை?

பண்பில் ஒத்த மூன்று தனிமங்களில் நடுவிலுள்ளதன் அணு எடை மற்ற இரண்டின் சராசரி என்பது ஜெர்மானியரான டாபர்னீரின் மும்மை விதி. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். லித்தியம் 7, பொட்டாசியம் 39. கூட்டி இரண்டால் வகுத்தால் 23, அது சோடியம். கால்சியம் 40, பேரியம் 137, சராசரி 88.5, ஸ்ட்ரான்ஷியம் 88. குளோரின் 35.5, அயோடின் 127. சராசரி 81, புரோமின் 80. பிரமாதமாகத்தான் பொருந்துகிறது. ஆனால் இப்படி அமைந்த மும்மைகள் சில மட்டுமே. ஒரு மும்மைக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்று விதி சொல்லவில்லை.

இங்கிலாந்தின் நியூலாண்ட்ஸ் 1864, 1865இல் தனிமங்களை எடை வரிசையில் வைத்து, எட்டாவது தனிமம் முதலாவதைப் போல இருக்கிறது என்றார். அப்போது மந்த வாயுக்கள் தெரியாததால் கால்சியம் வரை இது சரியாகவே வந்தது. அதன் பிறகு சறுக்கியது. காலி இடம் விட அவர் துணியாததால் கோபால்ட்டையும் நிக்கலையும் ஒரே கட்டத்தில் அடைத்தார்; இரும்பு போய் ஆக்சிஜன், கந்தகத்தோடு உட்கார்ந்தது. 1866இல் லண்டன் வேதியியல் கழகத்தில் அவர் இதைப் படித்தபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அநியாயமானது. தனிமங்களின் பண்புகள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப வருகின்றன என்பதைத் துணிந்து சொன்னவர் அவர். 1887இல் ராயல் சொசைட்டி டேவி பதக்கம் கொடுத்து அந்தக் கடனைத் தீர்த்தது.

மெண்டலீவ் அட்டவணையைக் கனவில் கண்டாராமே?

அந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. கையில் இருக்கும் ஆதாரம் அதைவிடச் சுவையானது. பாலாடைக்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிட அழைத்து வந்த ஒரு கடிதம். தேதி பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1869 பிப்ரவரி 17, நம் நாட்காட்டியில் மார்ச் 1. அந்தக் கடிதத்தின் பின்புறத்தில் அணு எடைகளை ஒன்றுக்கொன்று கழித்துப் பார்த்த எண்களை மெண்டலீவ் கிறுக்கி வைத்திருக்கிறார். அதோடு, அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்து அட்டவணை ஒன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

அப்போது அவர் மாணவர்களுக்காக வேதியியல் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். முதல் பாகம் ஹாலஜன்களோடு முடிந்தது. அடுத்து கார உலோகங்கள். அதற்குப் பின் எந்தக் குடும்பம், எந்த அடிப்படையில் என்பதுதான் சிக்கல். ஹாலஜன்களையும் கார உலோகங்களையும் எடைப்படி அருகருகே வைத்தால் ஒழுங்கு தெரிகிறது: குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. ஒவ்வொரு ஹாலஜனுக்கும் சற்று மேலே ஒரு கார உலோகம். பாட வரிசையைத் தேடப் போய்த்தான் அவர் இயற்கையின் வரிசையைப் பிடித்தார். முதல் அட்டவணையில் 63 தனிமங்கள் இருந்தன. குடும்பங்கள் இன்று போல நெடுக்காக இல்லாமல் குறுக்காக ஓடின. எட்டுத் தொகுதிகள் கொண்ட, நமக்குப் பழக்கமான வடிவம் 1871இல் வந்தது.

இடத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அணு எடையையே மாற்றினாரே, அது மோசடி இல்லையா?

இல்லை. சோதனையில் நேரடியாகக் கிடைப்பது அணு எடை அல்ல, சமான எடை, அதாவது ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஈடாக வினைபுரியும் எடை. அதை இணைதிறனால் (ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஈடு என்ற எண்) பெருக்கினால்தான் அணு எடை. இணைதிறனைத் தப்பாக எடுத்தால் அணு எடையும் தப்பும். மெண்டலீவ் கை வைத்தது அங்கேதான்.

பெரிலியத்தின் சமான எடை சுமார் 4.5. அலுமினியம் போல இணைதிறன் 3 என்று பலர் கொண்டதால் அணு எடை 13.5 ஆனது. ஆனால் 12இல் கார்பனும் 14இல் நைட்ரஜனும் இருக்க, நடுவில் ஓர் உலோகத்துக்கு ஏது இடம்? மக்னீசியம் போல இணைதிறன் 2 என்று கொள்ளுங்கள்: அணு எடை 9. லித்தியம் 7, போரான் 11, நடுவில் பெரிலியம். கச்சிதம். பிற்பாடு பெரிலியம் குளோரைடின் ஆவி அடர்த்தியை அளந்தபோது 9தான் சரி என்று உறுதியானது.

இண்டியத்தில் நடந்தது இதன் மறுபக்கம். சமான எடை 38. இணைதிறன் 2 என்றால் 76. ஆர்செனிக் 75க்கும் செலினியம் 79க்கும் நடுவில் இடம் இல்லை. இணைதிறன் 3 என்றால் 114. காட்மியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில் இடம் காலியாகவே இருந்தது. யுரேனியத்தின் எடையையும் சுமார் 120 என்பதிலிருந்து 240 என்று இரட்டிப்பாக்கினார். இன்றைய மதிப்பு 238.03.

முன்கூட்டிச் சொன்ன தனிமங்கள் எந்த அளவுக்குப் பொருந்தின?

ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான் என்று மூன்றை 1871இல் விரிவாக எழுதினார். ஏக என்றால் சமஸ்கிருதத்தில் ஒன்று; அந்தந்தத் தனிமத்துக்கு ஓர் இடம் கீழே என்று பொருள். சிலிக்கானுக்குக் கீழே உள்ள காலி இடத்துக்கு அவர் சொன்னவை: அணு எடை 72, அடர்த்தி 5.5, குளோரைடின் கொதிநிலை 100 டிகிரிக்குக் கீழே, அந்தக் குளோரைடின் அடர்த்தி 1.9. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் கிளெமென்ஸ் வின்க்லர் 1886இல் ஜெர்மானியத்தைப் பிரித்து அளந்தார்: 72.3, 5.47, 86 டிகிரி, 1.887. சுற்றிலும் உள்ள நான்கு அண்டைத் தனிமங்களின் பண்புகளைச் சராசரி எடுத்துப் போட்ட கணக்கு இது. அதில் ஜோசியம் ஏதுமில்லை.

ஏக-அலுமினியமாக வந்து சேர்ந்த காலியம் இன்னும் அழுத்தமான சான்று. 1875இல் அதைக் கண்டுபிடித்த லெகோக் டி புவாபோத்ரான் அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், 5.9 முதல் 6.0 வரை இருக்க வேண்டும், உங்கள் மாதிரி தூய்மையாக இல்லை என்று எழுதினார். சுத்தம் செய்து மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. (காலியத்தின் உருகுநிலை 29.8 டிகிரி, சென்னைக் கோடையில் மேசை மேலேயே உருகிக் கிடக்கும்.) மூன்றாவதான ஸ்காண்டியத்தை (ஏக-போரான்) சுவீடனில் நில்சன் 1879இல் கண்டார்.

அவர் கணிப்புகள் எல்லாமே பலித்தனவா?

இல்லை, பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. ஹைட்ரஜனைவிட லேசான தனிமங்கள் உண்டு என்று பிற்காலத்தில் எழுதினார். அப்படி எதுவும் கிடையாது. 1894இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானை அறிவித்தபோது, அது மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். எதனோடும் சேராத தனிமத்துக்கு அவர் அட்டவணையில் இடமே இல்லை. அடுத்தடுத்து ஹீலியம், நியான், கிரிப்டான், செனான் வந்த பிறகு ஒரு புதிய தொகுதியையே ஓரத்தில் சேர்த்தால் போதும், மற்றது எதுவும் குலையாது என்று தெளிவானது.

ஹீலியத்தின் கதை ஆந்திரக் கடலோரத்தைத் தொட்டுப் போகிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ழான்சனும், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சனும் சூரியச் சுடர்களின் நிறமாலையைப் பார்த்தார்கள். அந்த ஒளியில் இருந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அல்ல, ஒரு புதிய தனிமத்தினுடையது என்று இங்கிலாந்தில் லாக்யர் வாதிட்டார். பூமியில் அதே கோட்டை யுரேனியக் கனிமம் ஒன்றில் ராம்சே பார்த்தது 1895இல்தான்.

லோதர் மேயர்?

1864இலேயே 28 தனிமங்களுக்கு ஓர் அட்டவணை போட்டார். 1870இல் அணு எடைக்கு எதிரே அணுப் பருமனை வரைந்து, மேடும் பள்ளமுமாகத் திரும்பத் திரும்ப வரும் வளைகோட்டைக் காட்டினார். உச்சிகளில் எல்லாம் கார உலோகங்கள். ஆனால் காலி இடங்களுக்கு எண்களோடு கணிப்புச் சொல்ல அவர் முன்வரவில்லை. 1882இல் டேவி பதக்கத்தை அவருக்கும் மெண்டலீவுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

டெலூரியம் அயோடினைவிட எடை கூடியது. பிறகு ஏன் முன்னால் வருகிறது?

டெலூரியம் 127.60, அயோடின் 126.90. மெண்டலீவ் பண்பை நம்பி அயோடினை ஹாலஜன்களோடு வைத்தார். டெலூரியத்தின் எடையைத்தான் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று எண்ணினார். இடம் சரி, காரணம் தப்பு. ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10, கோபால்ட் 58.93, நிக்கல் 58.69 ஆகிய ஜோடிகளிலும் இதே சிக்கல்.

தீர்த்தவர் இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லே. 1913இல் ஒவ்வொரு உலோகத்திலிருந்தும் வெளிவரும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அளந்து, அதன் வர்க்கமூலத்தை வரைந்தார். தனிமத்துக்குத் தனிமம் ஒரே அளவு படியேறும் நேர்கோடு வந்தது. அந்தப் படியின் எண்தான் அணு எண், அதாவது அணுக்கருவின் நேர்மின்சுமை. நீங்களே சரிபார்க்கலாம்: அணு எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, 10.2ஆல் பெருக்கினால் எக்ஸ் கதிரின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். செம்பின் அணு எண் 29, ஆகவே 28 பெருக்கல் 28, அதாவது 784, 10.2ஆல் பெருக்கினால் சுமார் 8,000. அளந்த மதிப்பு சுமார் 8,050.

அணு எண்படி கோபால்ட் 27, நிக்கல் 28. டெலூரியம் 52, அயோடின் 53. எடை ஏன் தலைகீழானது என்பதற்கு ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள், பதில். இயற்கை டெலூரியத்தில் 128, 130 நிறையுள்ள கனமான அணுக்கள் அதிகம். இயற்கை அயோடின் முழுக்க 127தான். காற்றிலுள்ள ஆர்கானில் 99 சதவீதத்துக்கு மேல் ஆர்கான்-40, பொட்டாசியம்-40 சிதைந்து சேர்ந்தது.

மோஸ்லேயின் கோட்டில் 43, 61, 75 ஆகிய எண்கள் காலியாக நின்றன. 75 ரீனியமாக 1925இலும், 43 டெக்னீஷியமாக 1937இலும், 61 புரோமீத்தியமாக 1945இலும் நிரம்பின. மோஸ்லே எதையும் பார்க்கவில்லை. 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதில் கொல்லப்பட்டார். வேதியியலுக்கு அந்தப் போர் செய்த பெருங்கேடு அது.

தொடர்களின் நீளம் ஏன் 2, 8, 8, 18, 18, 32, 32?

அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் கூடுகளிலும், அவற்றின் உட்பிரிவுகளான துணைக்கூடுகளிலும் இருக்கின்றன. எஸ் துணைக்கூட்டில் 2 எலக்ட்ரான்கள் கொள்ளும், பி-யில் 6, டி-யில் 10, எஃப்-பில் 14. ஒவ்வொரு தொடரும் புதிய எஸ்-ஸில் தொடங்கி பி நிரம்பியதும் முடிகிறது. முதல் தொடரில் எஸ் மட்டும்: 2. அடுத்த இரண்டில் எஸ், பி: 8, 8. நான்கிலும் ஐந்திலும் டி சேர்கிறது: 18. ஆறிலும் ஏழிலும் எஃப் சேர்கிறது: 32. எல்லாவற்றையும் கூட்டினால் 118.

மூன்றாம் கூட்டில் டி இருந்தும் மூன்றாம் தொடர் ஏன் 8இல் நிற்கிறது என்பது நல்ல கேள்வி. 3டி-யைவிட 4எஸ் முதலில் நிரம்புகிறது. ஆகவே 3டி நான்காம் தொடருக்குத் தள்ளிப்போகிறது. இந்த நிரப்பு விதி தோராயமானதுதான். குரோமியத்திலும் செம்பிலும் 4எஸ்-ஸில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே. பல்லேடியத்தில் 5எஸ் காலி. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் முதல் இரண்டில்.

அணு எண் மட்டும் தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மந்த வாயுக்களின் எண்கள் ஏழை மட்டும் நினைவில் வையுங்கள்: 2, 10, 18, 36, 54, 86, 118. கொடுத்த எண்ணுக்கு முந்தைய மந்த வாயுவைக் கழியுங்கள்.

நான்காம், ஐந்தாம் தொடர்களில் மீதியே தொகுதி எண். 34இல் 18 போனால் 16: நான்காம் தொடர், 16ஆம் தொகுதி, செலினியம். இரண்டாம், மூன்றாம் தொடர்களில் மீதி 2க்கு மேல் இருந்தால் 10 கூட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே டி இல்லை. 15இல் 10 போனால் 5. 10 கூட்டினால் 15ஆம் தொகுதி, பாஸ்பரஸ். ஆறிலும் ஏழிலும் மீதி 3 முதல் 17 வரை என்றால் அட்டவணைக்குக் கீழே தனியாக உள்ள இரண்டு வரிகளில் (ஆறுக்கு லாந்தனைடு, ஏழுக்கு ஆக்டினைடு) தேடுங்கள். 17க்கு மேல் என்றால் 14ஐக் கழியுங்கள். காரீயம் 82: 54 போனால் 28, 14 போனால் 14ஆம் தொகுதி. தங்கம் 79: 25, பிறகு 11.

பலரும் தவறுவது ஒரே இடத்தில்: 18 நிரலில் பழகிய கை, ஆறாம் தொடரில் 14ஐக் கழிக்க மறந்துவிடும். விடை 18ஐத் தாண்டினால் அதுவே எச்சரிக்கை.

இந்த முறையில் ஹீலியம் 2ஆம் தொகுதிக்கு அல்லவா போகிறது?

ஆமாம். எலக்ட்ரான் எண்ணிக்கைப்படி அதன் இடம் பெரிலியத்துக்கு மேலே. வேதிப்பண்புப்படி நியானுக்கு மேலே. பண்புக்கு முதலிடம் கொடுத்து 18இல் வைத்திருக்கிறோம். ஹைட்ரஜனும் 1ஆம் தொகுதியில் இருப்பது ஒரு வசதிக்குத்தான். அது கார உலோகம் அல்ல.

லாந்தனைடுகளை ஏன் கீழே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்?

தாள் அகலம் போதாததால். அவற்றை உள்ளே செருகினால் 32 நிரல் வரும், எழுத்து பொடியாகிவிடும். கீழ் வரி முழுதும் தனித் தொகுதி என்று நினைப்பது தவறு. ஆக்டினைடுகளைத் தனி வரிசையாக்கி லாந்தனைடுகளுக்குக் கீழே வைத்தவர் கிளென் சீபார்க், 1940களில். அதுவரை தோரியம், யுரேனியம் எல்லாம் இடைநிலைத் தனிமங்களோடு நின்றன.

3ஆம் தொகுதியில் இட்ரியத்துக்குக் கீழே லாந்தனமா லுட்டீஷியமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மேலே சொன்ன கணக்கில் மீதி 3 என்றால் லாந்தனம், 17இல் 14 போனாலும் 3, அது லுட்டீஷியம். இரண்டு பக்கமும் வாதம் இருப்பது இதிலேயே தெரியும். 2021இல் வெளியான பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் (IUPAC) இடைக்கால அறிக்கை லுட்டீஷியத்தின் பக்கம் சாய்ந்தது. எஃப் தொகுப்பு சரியாக 14 நிரலாக அமைவதால் எங்களுக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அயனியாக்கும் ஆற்றல் இடமிருந்து வலம் கூடும் என்கிறார்கள்; ஆக்சிஜனில் ஏன் குறைகிறது?

அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்றத் தேவைப்படுவதே அயனியாக்கும் ஆற்றல். மோலுக்குக் கிலோஜூலில் பாருங்கள்: பெரிலியம் 899, போரான் 801, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314. போரானில் கழலும் எலக்ட்ரான் 2பி-யில் இருப்பது. 2எஸ்-ஸைவிட அதன் ஆற்றல் மட்டம் உயரம், உள் எலக்ட்ரான்கள் அதைக் கருவிடமிருந்து மறைக்கவும் செய்கின்றன. ஆக்சிஜனில் ஒரு பி ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒன்றைக் கழற்றுவது எளிது. அடுத்த தொடரிலும் அதே இடங்களில் சறுக்கல்: மக்னீசியம் 738, அலுமினியம் 578, பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000.

லாந்தனைடு குறுக்கத்தால் நடைமுறையில் என்ன ஆகிவிடப் போகிறது?

அணு உலை எரிபொருள் செய்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. தொகுதியில் கீழே போனால் அணு பெருக்க வேண்டும். ஆனால் சிர்கோனியத்துக்கும் ஹாஃப்னியத்துக்கும் நடுவில் 14 எஃப் எலக்ட்ரான்கள் புகுகின்றன. அவை கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை, அணு சுருங்குகிறது. ஆரங்கள் 160, 159 பிக்கோமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் சிர்க்கான் மணலில் ஹாஃப்னியமும் கூடவே வரும், சாதாரண வேதிமுறையில் பிரியாது. 1923 வரை அது கண்ணில் படாமல் ஒளிந்திருந்ததும் இதனால்தான்.

எரிபொருள் குழாய்க்கு சிர்கோனியத்தை எடுப்பதே அது நியூட்ரானை விழுங்காது என்பதற்காக. ஹாஃப்னியமோ அதைவிட ஐந்நூறு மடங்குக்கு மேல் விழுங்கும். ஆகவே பலநிலைக் கரைப்பான் பிரித்தெடுப்பால் அதை மில்லியனில் நூறு பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் கிடைக்கிறது. தூத்துக்குடி அருகே பழையகாயலில் அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனிய ஆலை இயங்குகிறது.

119ஆவது தனிமம் வந்தால் எங்கே வைப்பார்கள்?

119இல் 118 போனால் 1. எட்டாம் தொடர், முதல் தொகுதி, பிரான்சியத்துக்குக் கீழே. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கியூரியம் இலக்கின் மீது வனேடியம் அணுக்கருக்களை மோதவிட்டுத் தேடுகிறார்கள். அந்த அளவு கனமான கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் வேகம் ஒளி வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாகிவிடும். ஆகவே அது சீசியத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது.

வகுப்பறைச் சுவருக்கு அட்டவணை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் 113, 115, 117, 118. அங்கே நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் என்று இருக்க வேண்டும். இந்தப் பெயர்கள் 2016 நவம்பரில் உறுதியானவை. பழைய மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடு இருந்தால் அது பழைய அச்சு.

அடுத்து தொகுதி எண் 1 முதல் 18 வரை இருக்கிறதா என்று பாருங்கள். 3ஏ, 3பி என்று போட்ட அட்டவணை வேண்டாம். அமெரிக்க வழக்கில் 3பி என்பது ஸ்காண்டியத்தின் தொகுதி, ஐரோப்பிய வழக்கில் அதே 3பி போரானின் தொகுதி. மாணவர் இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு திணறுவார்.

அணு எடையில் லித்தியத்துக்கு 6.94 என்றோ 6.938 முதல் 6.997 வரை என்றோ இருந்தால் இரண்டும் சரியே. எடுக்கும் இடத்தைப் பொறுத்து ஐசோடோப்பு விகிதம் மாறுவதால் சில தனிமங்களுக்கு இப்போது வீச்சாகவே கொடுக்கிறார்கள். டெக்னீஷியத்துக்கு அடைப்புக்குறிக்குள் 97 அல்லது 98 என்று இருப்பது எடை அல்ல, நிலையற்ற ஐசோடோப்பு ஒன்றின் நிறை எண். அதைத் தசமத்தோடு அச்சிட்டிருந்தால் அந்த அட்டவணையைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.